நாற்காலியின் உரிமை: விட்டல்பாய் படேலும் மத்திய சட்டசபையும்

1925 ஆகஸ்ட் 22 அன்று மத்திய சட்டசபை தன் தலைவரை முதன்முறையாகத் தானே தேர்ந்தெடுத்தது. போட்டியிட்ட இருவருமே வக்கீல்கள். ஒருவர் சென்னையைச் சேர்ந்த திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். சபையின் துணைத் தலைவராக இருந்தவர், நிதானமான அரசியலுக்குப் பெயர்பெற்றவர். இரண்டாண்டுகள் கழித்து இந்தியாவின் முதல் சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். மற்றவர் பம்பாய் நகரத்தின் பிரதிநிதி, சுயராஜ்யக் கட்சியின் விட்டல்பாய் ஜவேர்பாய் படேல். 58 வாக்குகள் பெற்று விட்டல்பாய் வென்றார். ரங்காச்சாரியாருக்குக் கிடைத்தவை 56.

அதற்கு முந்தைய நான்கரை ஆண்டுகளும் அந்த நாற்காலியில் இருந்தவர் அரசு நியமித்த சர் ஃபிரெட்ரிக் வைட். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து வந்தவர். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொடக்க ஆண்டுகளில் தலைவரை அரசு நியமிக்கும், அதன்பின் சபையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வைசிராய் அதை அங்கீகரிக்க வேண்டும். சட்டம் அளித்த அந்தச் சிறிய இடைவெளியில் வந்து உட்கார்ந்தவர் விட்டல்பாய்.

இன்று அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்கு வல்லபாய் படேலின் அண்ணன் என்பது நினைவுக்கு வரும். இன்னும் கொஞ்சம் படித்தவர்களுக்கு, பகத்சிங் குண்டு வீசிய நாளில் தலைமை வகித்தவர் என்பதும் தெரிந்திருக்கும். இரண்டுமே அவரை வேறொருவர் கதையின் ஓரத்தில் நிறுத்திவிடுகின்றன. அது நியாயமல்ல. அரசு தோற்கவே முடியாதபடி கட்டமைக்கப்பட்ட ஒரு சட்டமன்றத்துக்குள் போய் ஓர் இந்திய வக்கீல் என்ன சாதிக்க முடியும் என்ற கேள்விக்கு நம் வரலாற்றில் கிடைக்கும் மிகத் தெளிவான விடை அவருடைய வாழ்க்கை. பேச்சாற்றலால் அரசை உலுக்கியவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். சபையின் நடைமுறை விதிகளைக் கையில் எடுத்து, அந்த விதிகளுக்கு அரசையும் கட்டுப்பட வைக்கப் பார்த்தவர் விட்டல்பாய்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில், கரம்சத் கிராமத்துப் பாட்டிதார் விவசாயக் குடும்பம் அவருடையது. பிறந்த ஆண்டு 1873. ஐந்து சகோதரர்களில் மூன்றாமவர். வல்லபாய் அவருக்கு அடுத்தவர். உள்ளூரிலும் நடியாதிலும் படித்து, ப்ளீடர் தேர்வு எழுதித் தேறி, கோத்ராவிலும் போர்சாத்திலும் தொழில் செய்தார். பட்டதாரி ஆகாதவர்களுக்கும் நீதிமன்றத்தில் நிற்க வாய்ப்பளித்த தேர்வு அது. போர்சாத் குற்ற வழக்குகளுக்குப் பேர்போன தாலுகா. சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்குவது, ஆவணத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எதிராளியைத் திணறடிப்பது, நீதிபதியே அதட்டினாலும் அசையாமல் நிற்பது ஆகியவை இந்தக் கீழ்க்கோர்ட்டு வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடங்கள். பிற்காலத்தில் டெல்லியில் அவர் காட்டிய பிடிவாதத்தின் வேர் லண்டன் படிப்பில் இருந்ததைவிட இங்கேதான் அதிகம் இருந்தது என்பது என் கணிப்பு.

லண்டன் படிப்பே தம்பி விட்டுக்கொடுத்ததுதான். பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று வல்லபாய் பணம் சேர்த்து, கப்பல் பயணத்துக்கு ஏற்பாடும் செய்திருந்தார். 'வி. ஜே. படேல், ப்ளீடர்' என்ற பெயருக்கு வந்த கடிதம் அண்ணன் கையில் போய்ச் சேர்ந்தது. இருவருக்கும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றே, தொழிலும் ஒன்றே. மூத்தவன் இருக்க இளையவன் முதலில் போனால் ஊர் என்ன சொல்லும் என்று விட்டல்பாய் கேட்டார். வல்லபாய் மறுபேச்சில்லாமல் வழிவிட்டதோடு, அண்ணனின் செலவையும் ஏற்றுக்கொண்டார். 1908இல் பாரிஸ்டராகத் திரும்பிய விட்டல்பாய் பம்பாயில் தொழில் தொடங்கினார். 1910இல் மனைவி திவாளிபென் இறந்துபோனார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. பின்னர் அண்ணன் தம்பிக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒருவர் பொதுவாழ்வைப் பார்த்துக்கொள்வது, மற்றவர் குடும்பத்துக்குச் சம்பாதிப்பது. பொதுவாழ்வு அண்ணன் பங்காயிற்று.

1912இல் பம்பாய் மாகாணச் சட்டசபைக்குத் தேர்வானார். மிண்டோ–மார்லி சீர்திருத்தம் உருவாக்கிய சபை அது. உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். அரசை அசைக்க முடியாது. விட்டல்பாய் கேள்விகளாகக் கேட்டுத் தள்ளினார், மசோதாக்களுக்குத் திருத்தம் மேல் திருத்தமாகக் கொடுத்தார். அதிகாரிகளுக்கு அவர் பெயர் எரிச்சலூட்டும் பெயராயிற்று.

அந்த எரிச்சலுக்கு நடுவேதான் உருப்படியான ஒரு சட்டம் பிறந்தது. கட்டாயத் தொடக்கக் கல்விக்காக கோபால கிருஷ்ண கோகலே 1911இல் மத்தியச் சபையில் கொண்டுவந்த மசோதா மறு ஆண்டு 38க்கு 13 என்ற வாக்கில் தோற்றிருந்தது. இந்தியா முழுமைக்கும் பொருந்தும் சட்டம் என்றால் அரசு பயப்படுகிறது, செலவைக் காட்டி மறுக்கிறது என்பதை விட்டல்பாய் பார்த்தார். பரப்பைச் சுருக்கினார். ஒரு மாகாணம், அதிலும் பம்பாய் நகரம் நீங்கலான நகராட்சிகள் மட்டும், அவையும் தாமே விரும்பினால் மட்டும். இப்படி வடிவமைத்த மசோதாவை அரசால் மறுக்க முடியவில்லை. 1918இல் நிறைவேறிய பம்பாய் தொடக்கக் கல்விச் சட்டம் 'படேல் சட்டம்' என்றே வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயக் கல்விக்கு வழிசெய்த முதல் சட்டம் அது. அடுத்த இரண்டாண்டுகளில் வங்காளம், பஞ்சாப், ஐக்கிய மாகாணம் என்று மற்ற மாகாணங்களும் தங்கள் தங்கள் சட்டங்களை இயற்றின. சென்னையின் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் வந்தது. கோகலேயின் கனவைச் சிறிதாக்கிவிட்டார் என்று அதைக் குறைத்துப் பேசுவது எளிது. ஆனால் தோற்ற மசோதா ஒரு பள்ளிக்கூடத்தையும் திறக்கவில்லை.

அதே 1918இல் அவர் மத்தியச் சபைக்குப் போனார். போன கையோடு கொண்டுவந்த மசோதா அவருடைய துணிவின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வெவ்வேறு சாதியைச் சேர்ந்த இந்துக்கள் செய்துகொள்ளும் திருமணம், சாதி வேறுபாடு ஒன்றையே காரணமாகக் காட்டிச் செல்லாது எனக் கருதப்படக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அன்றைய நிலை என்ன? 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் செய்ய வேண்டுமானால் தான் இந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல என்று மணமக்கள் உறுதிமொழி தர வேண்டும். இந்துவாக இருந்துகொண்டே சாதி கடந்து மணந்தால் நீதிமன்றம் அந்தக் குழந்தைகளின் வாரிசுரிமையையே கேள்விக்குள்ளாக்கும். மனைவி உயர்ந்த சாதியாகவும் கணவன் தாழ்ந்த சாதியாகவும் கருதப்பட்ட மணங்கள் செல்லாதவை என்றே தீர்ப்புகள் இருந்தன. சொத்து வழக்குகளில் பழகிய ஒரு வக்கீலுக்கு இதன் கொடுமை நன்றாகவே தெரிந்திருக்கும். மசோதாவுக்குப் பழமைவாதிகளிடமிருந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. திலகர் எதிர்த்தார், மதன்மோகன் மாளவியா எதிர்த்தார். அரசியலில் அன்னிய ஆட்சியை எதிர்த்து அவரோடு ஒரே வரிசையில் நின்றவர்கள் இவர்கள். கோல்ஹாப்பூர் சாஹு மகாராஜா ஆதரித்தார். மசோதா காலாவதியானது. 1923இல் ஹரிசிங் கௌர் என்ற இன்னொரு வக்கீல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து பாதி வழியைத் திறந்தார். ஆனால் அதன்படி மணந்தவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்பட்டார். விட்டல்பாய் கேட்டது முழுமையாகச் சட்டமானது 1949இல், இந்துத் திருமணங்கள் செல்லுபடிச் சட்டத்தின் மூலம். இடையே கடந்துபோன 31 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் நின்றிருக்கும் என்பதை நினைத்தால், அந்த எதிர்ப்பை மன்னிக்க மனம் வரவில்லை.

1920இல் காந்தியின் ஒத்துழையாமை வந்தது. சட்டசபைப் புறக்கணிப்பு அதன் ஒரு கூறு. விட்டல்பாய் காங்கிரசின் முடிவுக்குக் கட்டுப்பட்டாரே தவிர, புறக்கணிப்பில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. சௌரி சௌராவுக்குப் பிறகு இயக்கம் நிறுத்தப்பட்டு, காந்தி சிறை சென்றதும், நாட்டின் மனநிலையை ஆராய 1922இல் ஒரு விசாரணைக் குழுவைக் காங்கிரஸ் அமைத்தது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த அந்தக் குழு சட்டசபைப் பிரவேசத்தில் சரிபாதியாகப் பிளந்தது. ஹக்கீம் அஜ்மல் கான், மோதிலால் நேரு, விட்டல்பாய் மூவரும் உள்ளே போய்ப் போராட வேண்டும் என்றார்கள். டாக்டர் அன்சாரி, ராஜாஜி, 'தி ஹிந்து' கஸ்தூரிரங்க ஐயங்கார் மூவரும் கூடாது என்றார்கள். எதிர்த்த மூவரில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். வல்லபாயும் ராஜாஜி பக்கம். கேடாவிலிருந்து வந்த இரு சகோதரர்கள் இப்போது எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். கயா காங்கிரசில் பிரவேச அணி தோற்றது. 1923 புத்தாண்டு நாளில் சித்தரஞ்சன் தாஸ் தலைமையில் சுயராஜ்யக் கட்சி பிறந்தது. ஆண்டு இறுதித் தேர்தலில் விட்டல்பாய் மத்திய சட்டசபைக்குள் நுழைந்தார்.

அந்தச் சபையின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அவர் செய்ததன் எடையை உணர முடியாது. ஏறத்தாழ 145 பேர் கொண்ட சபை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நூறுக்குச் சற்று மேல், மற்றவர்கள் அரசு அதிகாரிகளும் அரசு நியமித்தவர்களும். ஓட்டுரிமை சொத்தும் வரியும் உள்ள சிறு கூட்டத்துக்கு மட்டும். பட்ஜெட்டின் பெரும் பகுதி, முக்கியமாக ராணுவச் செலவு, வாக்கெடுப்புக்கே வராது. சபை ஒன்றை நிராகரித்தால் வைசிராய் தன் சான்றிதழ் அதிகாரத்தால் அதை நிறைவேற்றிக்கொள்ளலாம். அவசரச் சட்டமும் போடலாம். 1924இல் சுயராஜ்யக் கட்சியினர் மற்றவர்களோடு சேர்ந்து நிதி மசோதாவையே நிராகரித்தார்கள். வைசிராய் சான்றளித்தார், வரி வசூலானது. ஓட்டில் வெல்வதும் ஆட்சியில் மாற்றம் காண்பதும் வேறு வேறு என்பது அந்த ஓராண்டிலேயே தெளிவாகிவிட்டது.

இத்தகைய சபையின் தலைவர் பதவியை ஒரு சுயராஜ்யக் கட்சிக்காரர் ஏற்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். விட்டல்பாய் பதவியேற்றதுமே தான் இனி எந்தக் கட்சியையும் சேர்ந்தவனல்ல என்று அறிவித்தார். கட்சியிலிருந்து விலகினார். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சபாநாயகர் மரபை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆட்சியாளர்கள் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மரபு அது. அதை ஓர் இந்தியர் முழு நேர்மையோடு கடைப்பிடித்தால் அவர்கள் எப்படி மறுக்க முடியும்? 1926 தேர்தலில் பம்பாய் நகரம் அவரைப் போட்டியின்றித் திருப்பி அனுப்பியது. 1927 ஜனவரியில், டெல்லியில் புதிதாகத் திறக்கப்பட்ட வட்டவடிவக் கட்டடத்தில், சபை அவரை ஒருமனதாக மீண்டும் தலைவராக்கியது. ஊதியத்தில் ஒரு பகுதியைப் பொதுப்பணிக்கென்று காந்தியிடம் அனுப்பிவந்தார்.

தவறாத மனிதர் அல்லர் அவர். 1926 மார்ச்சில் சுயராஜ்யக் கட்சியினர் சபையை விட்டு வெளிநடப்புச் செய்தபோது, மக்கள் பிரதிநிதிகளில் பெரும்பகுதி போய்விட்ட சபையில் சர்ச்சைக்குரிய மசோதா எதையும் கொண்டுவர வேண்டாம், கொண்டுவந்தால் சபையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்க நேரும் என்று அரசை எச்சரித்தார். மறுநாளே, தான் பயன்படுத்திய சொற்கள் பொருத்தமற்றவை என்று சபையிலேயே சொல்லித் திருத்திக்கொண்டார். கட்சிக்காரர் ஒருவர் நீதிபதியாக மாறிக்கொண்டிருந்ததை அந்த இரண்டு நாட்களில் காணலாம்.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு போராட்டம்தான் அவருடைய நிலையான சாதனை. அன்று சட்டசபையின் அலுவலகம் அரசின் சட்டத்துறையின் ஒரு பகுதி. தலைவருக்கு விதிகளை எடுத்துக்கொடுக்க வேண்டிய செயலாளர் அரசு ஊழியர், மேலதிகாரி அரசின் சட்ட உறுப்பினர். வழக்கில் எதிர்க்கட்சிக்காரரின் குமாஸ்தாவிடமே நீதிபதி ஆலோசனை கேட்க வேண்டிய நிலை. தலைவருக்குக் கட்டுப்பட்ட தனி அலுவலகம் வேண்டும் என்று விட்டல்பாய் ஆண்டுக்கணக்கில் எழுதினார், வாதாடினார். 1927இல் இங்கிலாந்து சென்று காமன்ஸ் சபை இயங்கும் விதத்தை நேரில் பார்த்து வந்தார். 1928 செப்டம்பரில் மோதிலால் நேரு கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை ஒருமனதாக ஏற்றது. 1929 ஜனவரி 10 முதல் சட்டசபைத் துறை தனியாக இயங்கத் தொடங்கியது. இன்றைய மக்களவைச் செயலகத்தின் பிறந்த நாள் அதுதான். நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவைக்கும் தனிச் செயலக ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 98ஆம் பிரிவு சொல்வதற்குப் பின்னால் இந்தப் போராட்டம் இருக்கிறது.

1928ஆம் ஆண்டிலிருந்து அரசோடு உரசல் முற்றியது. ரிசர்வ் வங்கி அமைப்பதற்கான மசோதா ஒன்று 1927இலேயே சபையின் முன் இருந்தது. உறுப்பினர்கள் செய்த மாற்றங்கள் நிதி உறுப்பினர் சர் பேசில் பிளாக்கெட்டுக்குப் பிடிக்கவில்லை. பழைய மசோதாவைத் திரும்பப் பெறாமலேயே, தனக்கு உகந்த புதிய மசோதா ஒன்றை அரசு கொண்டுவந்தது. ஒரே பொருளில் ஒரு மசோதா நிலுவையில் இருக்கும்போது இன்னொன்றை அறிமுகம் செய்வது சபையின் நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று விட்டல்பாய் அனுமதி மறுத்தார். அரசு பழைய மசோதாவுக்கே திரும்பியது. பின்னர் அதையும் கைவிட்டது. ரிசர்வ் வங்கி 1935இல்தான் செயல்படத் தொடங்கியது.

அடுத்து வந்தது பொதுப் பாதுகாப்பு மசோதா. பம்பாய், கல்கத்தா ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் பெருகிய காலம். பிலிப் ஸ்பிராட், பென் பிராட்லி போன்ற ஆங்கிலேயக் கம்யூனிஸ்டுகள் இங்கே வந்து தொழிற்சங்கங்களில் வேலை செய்தார்கள். பிரிட்டிஷ் பிரஜைகளை வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் நாடுகடத்த முடியாது. எனவே நீதிமன்ற விசாரணையின்றி அவர்களை வெளியேற்ற அரசுக்குத் தனி அதிகாரம் தேவைப்பட்டது. 1928 செப்டம்பர் 24 அன்று, மசோதாவைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற வாக்கெடுப்பில் இரு பக்கமும் 61. விட்டல்பாய் தன் நிர்ணய வாக்கை எதிராக அளித்தார்; மசோதா விழுந்தது. இத்தகைய அசாதாரணமான சட்டத்தைக் கொண்டுவருபவர் சபையில் பெரும்பான்மையைத் தன் பக்கம் திரட்டியிருக்க வேண்டும், தலைவரின் ஒற்றை வாக்கால் அது பிழைக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

இது சரியான முடிவா? சபாநாயகர் டெனிசன் காலத்திலிருந்து காமன்ஸ் சபையில் வழங்கிவரும் மரபில் இரண்டு இழைகள் உண்டு. மேலும் விவாதிக்க வாய்ப்பிருந்தால் விவாதம் தொடர வாக்களிக்க வேண்டும். இறுதி முடிவாக இருந்தால் இருக்கும் நிலை மாறாதபடி வாக்களிக்க வேண்டும். முதல் இழையைப் பிடித்தால் விட்டல்பாய் மசோதாவை வாழவிட்டிருக்க வேண்டும். இரண்டாவதைப் பிடித்தால் அவர் செய்தது சரி. ஆனால் காமன்ஸ் சபையில் அரசு நியமித்த அதிகாரிகள் உட்கார்ந்து வாக்களிப்பதில்லை. இங்கே அந்த 61இல் அரசின் சம்பளக்காரர்களும் அடக்கம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பெரும்பான்மை தெளிவாக எதிர்ப்பக்கம் இருந்தது. அந்த உண்மையைக் கண்டுகொள்ளாமல் லண்டன் மரபை மட்டும் நீட்டுவது சரியாக இருந்திருக்காது. அவர் முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1929 ஜனவரியில் மசோதாவை மறுபடி கொண்டுவந்தது. மார்ச் 20 அன்று நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மீரட் சதி வழக்கு தொடங்கியது. ஸ்பிராட்டும் பிராட்லியும் அதில் குற்றவாளிக் கூண்டில். இங்கே விட்டல்பாயின் வக்கீல் மூளை வேலை செய்தது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருளைப் பற்றி உறுப்பினர்கள் பேசக்கூடாது என்பது சபை விதி. மசோதாவுக்கு அரசு சொல்லும் காரணங்களும் மீரட் வழக்கின் குற்றச்சாட்டுகளும் ஒன்றே. அப்படியானால் வழக்கைத் தொடாமல் மசோதாவை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. ஏப்ரல் 2 அன்று அவர் அரசுக்கு இரண்டு வழிகளைக் காட்டினார்: வழக்கு முடியும்வரை மசோதாவை ஒத்திவையுங்கள், அல்லது வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மசோதாவைத் தொடருங்கள். இரண்டுக்கும் அரசு மறுத்துவிட்டது.

ஏப்ரல் 8. தொழில் தகராறுகள் மசோதா மீதான வாக்கெடுப்பு முடிந்திருந்தது. பொதுப் பாதுகாப்பு மசோதா குறித்த தன் முடிவைச் சொல்ல விட்டல்பாய் எழுந்த நேரத்தில் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு குண்டுகள் அரசு இருக்கைகள் பக்கம் வந்து விழுந்தன. பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் துண்டறிக்கைகளை வீசி முழக்கமிட்டு, தப்பிக்க முயலாமல் நின்றார்கள். நிதி உறுப்பினர் ஷுஸ்டர் உள்ளிட்ட சிலருக்குக் காயம். சைமன் குழுவின் தலைவர் சர் ஜான் சைமனும் அன்று மாடத்தில் இருந்தார். அன்றைய நாளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். தலைவர் சொல்ல எழுந்த முடிவு என்ன ஆயிற்று என்று தொடர்வதில்லை.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அவர் அதைச் சொன்னார். குண்டு விழுந்த சபையில், அரசும் பத்திரிகைகளும் பயங்கரவாதம் என்று கொந்தளித்துக்கொண்டிருந்த வாரத்தில், பாதுகாப்பு மசோதாவுக்கு அனுமதி மறுப்பது எளிதான காரியமல்ல. அவர் மறுத்தார். ஒரு மசோதாவைத் தடுக்கத் தலைவருக்கு வெளிப்படையாக அதிகாரம் தரும் விதி எதுவும் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் விதிகளின் உட்பொருளிலிருந்து அந்த அதிகாரம் பிறக்கிறது என்றார். நேர்மையாக விவாதிக்க இயலாத ஒன்றை நிறைவேற்றும்படி ஒரு சபையைக் கேட்பது அந்தச் சபையின் நடைமுறையையே கெடுப்பது என்பது அவர் வாதத்தின் உயிர்.

அரசின் பதிலிலும் வலு இல்லாமல் இல்லை. நிலுவை வழக்கு பற்றிய விதி உறுப்பினர்களின் பேச்சைத்தான் கட்டுப்படுத்துகிறது, மசோதாவை அல்ல. வழக்கு முடியும்வரை காத்திரு என்றால் எத்தனை காலம்? மீரட் தீர்ப்பு 1933 ஜனவரியில்தான் வந்தது. ஆனால் இந்த எதிர்வாதத்துக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. ஸ்பிராட்டும் பிராட்லியும் சிறையில் இருந்தார்கள். நாடுகடத்த வேண்டிய அவசரம் எங்கே? கைகளில் விலங்கு மாட்டியபிறகும் புதிய அதிகாரம் கேட்ட அரசிடம் அதற்கான காரணத்தை விவாதத்தில் சொல்லும்படி கேட்டது சட்டசபைத் தலைவர் செய்ய வேண்டிய வேலைதான்.

ஏப்ரல் 12 அன்று வைசிராய் இர்வின் இரு சபைகளையும் கூட்டிப் பேசினார். மறுநாள் மசோதாவில் இருந்தவற்றை அவசரச் சட்டமாக அறிவித்தார். பின்னர், வெளிப்படையான விதி இல்லாமல் தலைவர் ஒரு மசோதாவைத் தடுக்க முடியாதபடி சபை விதிகளும் திருத்தப்பட்டன. விட்டல்பாய் தோற்றார் என்று இதைச் சொல்லலாம். அவரை மீற அரசு தன் விதிகளையே மாற்ற வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். சபைக்குள் சட்டம் என்ற பெயரில் கிடைக்க வேண்டியதை, சபைக்கு வெளியே வெறும் ஆணையாக எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அரசு எதை மூடிவைக்கச் சட்டசபையைக் கட்டியதோ அது நாட்டின் கண் முன்னால் வெளிப்பட்டது. சிறையிலும் தெருவிலும் போராடியவர்கள் வேறு வழியில் செய்ததை, அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்தார்.

குண்டு வீச்சுக்குப் பிறகு பார்வையாளர் மாடத்தில் காவலர்களை நிறுத்தும் உரிமை யாருக்கு என்று இன்னொரு மோதல் எழுந்தது. சபை வளாகத்தில் தன் அனுமதியின்றிப் போலீஸ் நிற்கக்கூடாது என்று விட்டல்பாய் வாதிட்டு, 1930 ஜனவரியில் மாடங்களையே மூட உத்தரவிட்டார். தலைவரின் அதிகாரத்துக்குட்பட்ட காவல் ஊழியர் அமைப்பு அதிலிருந்து உருவாகி, நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் நீடித்தது.

அவருடைய நடுநிலையில் ஒரு கேள்விக்குறி உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1928இல் தம்பி வல்லபாய் பார்டோலியில் வரிகொடா இயக்கம் நடத்தியபோது, சட்டசபைத் தலைவராக இருந்துகொண்டே அண்ணன் மாதம் 1,000 ரூபாய் அனுப்பினார். அரசு ஆதரவுப் பத்திரிகைகள் கொதித்தன. காமன்ஸ் சபாநாயகர் ஒருவர் இப்படிச் செய்திருக்க மாட்டார்தான். ஆனால் விட்டல்பாய் நடுநிலை என்பதைச் சபைக்குள் இரு தரப்புக்கும் விதி ஒன்றே என்ற பொருளில்தான் ஏற்றிருந்தார். கேடா விவசாயியின் மகனாக இருப்பதை விட்டுவிடுவதாக அவர் எங்கும் உறுதி தரவில்லை. இர்வினோடு தனிப்பட்ட முறையில் நல்லுறவும் வைத்திருந்தார். 1929 டிசம்பர் 23 அன்று காந்தி, மோதிலால், ஜின்னா, சாப்ரு ஆகியோர் வைசிராயைச் சந்தித்துப் பேசியபோது விட்டல்பாயும் உடனிருந்தார். பேச்சு முறிந்தது. சில நாட்களில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையைக் குறிக்கோளாக அறிவித்தது.

1930 ஏப்ரலில், உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியிருந்தபோது, அவர் தலைவர் பதவியைத் துறந்தார். காங்கிரசுக்குத் திரும்பினார். பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் ஏப்ரல் 23 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டை விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். எல்லைப்புற மாகாணத்துக்குள் நுழையவே குழுவுக்கு அனுமதியில்லை. ராவல்பிண்டியில் உட்கார்ந்து சாட்சியங்களைப் பதிவு செய்தார்கள். அறிக்கை தடை செய்யப்பட்டது. அடுத்து சிறை, அங்கே உடல்நலம் சீர்கெட்டது. 1932இல் மறுபடி கைது. விடுதலைக்குப் பின் சிகிச்சைக்காக ஐரோப்பா போனார். ஓய்வெடுக்க வேண்டிய உடம்போடு அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் இந்தியாவுக்காகக் கூட்டங்களில் பேசினார்.

1933 மே மாதம் காந்தி சட்டமறுப்பு இயக்கத்தை நிறுத்தியபோது, வியன்னாவிலிருந்து விட்டல்பாயும் சுபாஷ் சந்திர போஸும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அரசியல் தலைவர் என்ற முறையில் காந்தி தோற்றுவிட்டார், காங்கிரசுக்குப் புதிய கொள்கையும் புதிய தலைமையும் வேண்டும் என்றது அறிக்கை. மிகக் கடுமையான கூற்று. காந்தியின் அரசியல் அங்கேயே முடிந்துவிடவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆனால் மரணத்தின் அருகில் நின்ற 60 வயது மனிதர், தன்னைவிட 23 வயது இளையவரான போஸிடம் தன் நம்பிக்கையை ஒப்படைத்தது கவனிக்கத்தக்கது. ஜெனீவா அருகே ஒரு மருத்துவமனையில் போஸ் அவரை உடனிருந்து பார்த்துக்கொண்டார். 1933 அக்டோபர் 22 அன்று விட்டல்பாய் இறந்தார். உடல் பம்பாய்க்கு வந்தது. சௌபாட்டி கடற்கரையில், திலகரை எரியூட்டிய இடத்தருகே தகனம் செய்ய அரசு அனுமதிக்கவில்லை. நாசிக் சிறையில் இருந்த வல்லபாய், நிபந்தனையோடு வெளிவர மறுத்து, இறுதிச் சடங்குக்குப் போகாமலே இருந்துவிட்டார்.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 2 அன்று, அவர் ஓர் உயில் எழுதியிருந்தார். சொத்தில் நான்கில் மூன்று பங்கை, ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாயை, இந்தியாவின் அரசியல் மேம்பாட்டுக்கும், முக்கியமாக வெளிநாடுகளில் இந்தியாவுக்கான பிரசாரத்துக்கும் செலவிடும்படி போஸுக்கு விட்டுச் சென்றார். வல்லபாய் அதன் செல்லுபடியை ஏற்கவில்லை. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பணம் போஸுக்குத் தனிச் சொத்தாகத் தரப்பட்டதல்ல, குறிப்பிட்ட நோக்கத்துக்காகவே தரப்பட்டது, அந்த நோக்கம் சட்டத்தின் கண்ணில் நிச்சயமற்றது, எனவே அந்தக் கொடை செல்லாது என்று 1939 மார்ச்சில் நீதிபதி பி. ஜே. வாடியா தீர்ப்பளித்தார். காந்தியோடு முரண்பட்டு போஸ் காங்கிரஸ் தலைமையை இழந்துகொண்டிருந்த நேரம் அது. போஸின் மேல்முறையீடு அதே ஆண்டு தள்ளுபடியானது. பணம் வாரிசுகளுக்குப் போயிற்று. அவர்கள் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் விட்டல்பாய் பெயரிலான நினைவு அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்கள்.